கரிசலுக்குக் கீழே ஒரு தள்ளுமுள்ளு

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகிறவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே தெரிவது கரிசல், வேலிக்கருவை, மறுபடியும் கரிசல். பந்தல்குடியில் அந்தத் திரை விலகுகிறது! சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெட்டுச்சுவரில் பட்டை பட்டையாகப் பாறை வளைந்து மடங்கி நிற்கிறது. ஒருகாலத்தில் கடலடியில் கிடையாகப் படிந்த சுண்ணாம்புச் சேறு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் திரண்டபோது, ஆழத்தில் சிக்கி 800 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து நசுங்கியது.

நசுக்கினால் பாறையடுக்கு மடங்குமா, உடைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறுமா? ஏறினால் அது உந்துப்பிளவு. தள்ளுகிற விசை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. எது கெட்டி, எது நொய்வு, எதன்மேல் எது உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

இதைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் மணல் விளையாட்டு நடக்கிறது! கண்ணாடித் தொட்டியில் வண்ண மணலை அடுக்கடுக்காகத் தூவி, ஒரு பக்கச் சுவரை மோட்டாரால் மெல்ல நகர்த்துகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஹென்றி கேடல் 1880களிலேயே இப்படி அடுக்குகளை நசுக்கிப் பார்த்தவர். வெறும் மணல் என்றால் உடைந்த துண்டுகள் சுவரோரமே நெருக்கியடித்துக் குவிகின்றன. அடியில் பொடிக் கண்ணாடி மணிகளை (சாலைக் கோடுகள் இரவில் மினுங்கத் தூவுகிறார்களே, அந்த வகை) ஓர் அடுக்குப் போட்டால் போதும். மேடு தாழ்கிறது, பிளவுகள் தூரம் தூரமாக விழுகின்றன. மேலடுக்கின் தடிமன் கூடினால் இடைவெளியும் கூடுகிறது.

பிளவு போகும் தடம் இன்னும் அழகு. நொய்ந்த களிப்பாறைக்குள் கிடையாக வழுக்கிக்கொண்டே போகும். மேலே உள்ள கெட்டிப் பாறையைச் சுமார் 30 டிகிரி சாய்வில் வெட்டி ஏறும். அடுத்த நொய்ந்த அடுக்கு கிடைத்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். படிக்கட்டேதான்! அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையில் 1934இல் ஜான் ரிச் இதை விளக்கினார்.

வழுக்குவதில் உப்பை மிஞ்ச ஆளில்லை. நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே இந்துப்பு, அது வெட்டப்படும் பாகிஸ்தானின் உப்புமலைத் தொடரே ஓர் உந்துப்பிளவின் முகப்புதான். அடியில் அந்த உப்பு இருந்ததால், மேலிருந்த பாறை மொத்தமும் குறைந்தது 20 கிலோமீட்டர் நகர்ந்து வந்திருக்கிறது. அந்த உப்பைப் படியவிட்ட கடல் வற்றியதும் ஏறக்குறைய பந்தல்குடிச் சுண்ணாம்பு வெந்துகொண்டிருந்த காலத்தில்தான்!

பந்தல்குடியை நான் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. குளிர்ந்த மேலோட்டில் சுண்ணாம்புக்கல் கெட்டி. பிளவு அதை வெட்டித்தான் ஏற வேண்டும். ஆழத்தில் வெந்த சுண்ணாம்புக்கல்லோ இளகி ஓடி மடங்கும், பக்கத்து நைஸ் பாறையைவிட எளிதாக. ஒரே பாறைக்கு இரண்டு வேஷம்! பந்தல்குடிச் சுவரில் தெரிவது இரண்டாவது வேஷம்.

ஆனால் அந்தச் சுவர் நிலைக்காது. இன்று மடிப்பாக நிற்பது நாளை சிமென்ட். நிலவியல் மாணவர்களே, அனுமதி வாங்கி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வெட்டுச்சுவரையும் படமெடுங்கள், அளந்து வரையுங்கள். திருச்சுழிப் பள்ளி ஆசிரியர்களே, ஒரு பழைய மீன்தொட்டி, காய்ந்த மணல், கோலப்பொடி, தள்ள ஒரு பலகை இருந்தால் போதும். வகுப்பறையிலேயே ஒரு மலையை எழுப்பிக் காட்டலாம்.