மயக்கத்திலிருந்து விரைவில் விழிக்க வைக்க மருந்து உண்டா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்ன பிறகும், "இன்னும் கண் திறக்கவில்லையே" என்ற கவலை குடும்பத்தாருக்கு இருக்கும். வயதானவர் என்றால் அந்தக் கவலை இன்னும் கூடும். இந்தத் தாமதம் ஏன்?

முழு மயக்கம் என்பது தூக்கமல்ல. தூங்குபவரைத் தட்டி எழுப்பலாம். மயக்க மருந்தின் பிடியில் இருப்பவரை எழுப்ப முடியாது. சுவாசத்தில் செலுத்தப்பட்ட மருந்து நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். ஊசியில் ஏற்றிய மருந்து மூளையிலிருந்து விலகி, உடலில் பரவிச் சிதைய வேண்டும். அதுவரை காத்திருப்பதே இன்றைய நடைமுறை. தசைகளைத் தளர்த்தும் மருந்துக்கு மாற்று மருந்து உண்டு, மார்ஃபினுக்கும் உண்டு. முழு மயக்கத்துக்கு மட்டும் இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில்தான் 1846-ல் ஈதர் மயக்க மருந்து பொதுமக்கள் அறியச் செயல்முறையாகக் காட்டப்பட்டது. அதே மருத்துவமனையின் கென் சோல்ட், எமரி பிரவுன் ஆகியோரின் குழு, 2011-ல் எலிகளிடம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகளுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் (ரிட்டலின்) மருந்தை அவர்கள் எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினர். ஐசோஃப்ளூரேன் வாயுவை நிறுத்திய பின் எழுவதற்கு எலிகளுக்குச் சுமார் 280 விநாடிகள் தேவைப்பட்டன. இந்த ஊசி போட்டதும் அது 91 விநாடிகளாகக் குறைந்தது. வாயு தொடர்ந்து செலுத்தப்பட்டபோதும் எலிகள் விழித்து எழுந்தன. அடுத்த ஆண்டு, புரோபோஃபால் ஊசி மயக்கத்திலும் இதே போன்ற பலன் தெரிந்தது.

காரணம், இந்த மருந்து மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகியவற்றின் அளவைக் கூட்டுகிறது. விழிப்பைத் தூண்டும் நரம்புப் பாதைகள் அதனால் உயிர்பெறுகின்றன. அதாவது, மயக்க மருந்தை உடலிலிருந்து விரட்டாமலேயே மூளையை எழுப்ப முடிகிறது.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கு அப்படியே பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. இந்த மருந்து இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. மனிதர்களை மயக்கத்திலிருந்து எழுப்ப இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. சீக்கிரம் எழட்டும் என்று நாமாக எந்த மாத்திரையும் கொடுப்பது ஆபத்து. அரை மயக்கத்தில் காபி, தேநீர் புகட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: சாப்பிடும் மாத்திரைகள், தூக்க மாத்திரைப் பழக்கம், குறட்டையோடு மூச்சுத் திணறல், ஈரல், சிறுநீரகக் கோளாறு, முன்பு மயக்கம் தெளியத் தாமதமானது. மயக்க மருந்தின் அளவை அவர் முடிவு செய்ய இந்த விவரங்களே உதவும்.