பள்ளத்தாக்கே இல்லாத பள்ளத்தாக்குப் பாட்டு

குட்டி நண்பர்களே, கையைத் தட்டிக்கொண்டே இதைச் சொல்லுங்கள்: ரெட்-ரி-வர். இப்போது இதை: பிரைட்-மோ-ஹாக். இரண்டுக்கும் மூன்று தட்டுத்தானே? அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அமெரிக்காவில் குதிரைமேல் அமர்ந்து மாட்டு மந்தை ஓட்டுபவர்களைக் கௌபாய் என்பார்கள். அவர்களுடைய காதல் பாட்டுகளில் 'ரெட் ரிவர் வேலி' மிகவும் புகழ்பெற்றது. ரெட் ரிவர் என்றால் செவ்வாறு. அந்தச் செவ்வாற்றுப் பள்ளத்தாக்கை விட்டு ஒருவர் புறப்படுகிறார். அங்கேயே இருப்பவரின் மனம் தவிக்கிறது. கதை அவ்வளவுதான். எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

1925இல் டெக்சஸ்காரரான கார்ல் ஸ்பிரேக் இதைப் பாடி இசைத்தட்டு வந்தது. தட்டில் போட்ட பெயரே 'கௌபாய் காதல் பாட்டு'! டெக்சஸின் வடக்கு எல்லையில் ரெட் ரிவர் என்று ஓர் ஆறும் ஓடுகிறது. செம்மண்ணில் உள்ள இரும்புத் துருவால் அதன் தண்ணீர் சிவந்திருக்கும். மந்தை ஓட்டியவர்கள் மாடுகளோடு அந்த ஆற்றைக் கடந்து போனவர்கள். பிறகென்ன, பாட்டு அவர்களுடையதுதான் என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

ஆனால் 1896இலேயே நியூயார்க்கில் ஒரு பாட்டு அச்சாகியிருந்தது. பாட்டு இதேதான், ஆற்றின் பெயர் மட்டும் 'பிரைட் மோஹாக்'. மோஹாக் நியூயார்க் மாநிலத்து ஆறு. மூன்று தட்டை எடுத்துவிட்டு இன்னொரு மூன்று தட்டை வைத்தால் மெட்டு கொஞ்சமும் இடறாது. வாய்வழியாகப் பரவும் பாட்டில் ஊர்ப்பெயர்தான் சுலபமாக மாறும். பாடுகிறவருக்குத் தம் ஊர் ஆறு பாட்டில் வரவேண்டும் என்று ஆசை இருக்காதா?

அப்படியானால் மூலம் நியூயார்க்கா? அச்சான ஆண்டும் பிறந்த ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லையே! அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதில் பாட்டோடு 'நெமஹா 1879, ஹார்லன் 1885' என்று குறித்திருக்கிறது. இரண்டே இடம், இரண்டே ஆண்டு. அச்சுப் பிரதியைவிட இது 17 ஆண்டு மூத்தது என்று அந்தச் சிறு குறிப்புச் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த சான்று இதுதான்.

கனடாவின் நாட்டுப்புறப் பாடல் ஆய்வாளர் ஈடித் ஃபவுக் இன்னும் துருவினார். 1896க்கு முன்பே கனடாவின் ஐந்து மாகாணங்களிலாவது மக்கள் இதைப் பாடியிருக்கிறார்கள் என்று கண்டறிந்து, 1964இல் கட்டுரையாக வெளியிட்டார். டெக்சஸ் ஆறு அல்லாமல், வடக்கே கனடாவின் மனிடோபாவில் இன்னொரு செவ்வாறு உண்டு. 1870இல் அதன் கரைக்கு ஒரு படை வந்தது. திரும்பிப் போகும் சிப்பாயை நினைத்து அங்கிருந்த ஒரு பெண் வருந்துவதாகவே பாட்டு பிறந்திருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அந்த வடக்குச் செவ்வாறு விசித்திரமானது. அமெரிக்காவில் தொடங்கி, வடக்கு நோக்கி ஓடி, கனடாவின் வின்னிபெக் ஏரியில் கலக்கிறது. அதன் இருபுறமும் மலைகளைத் தேடாதீர்கள், கிடையாது! பனியுகம் முடியும் காலத்தில், உருகிய பனிப்பாறையின் தண்ணீர் தேங்கி அங்கே அகாசிஸ் என்ற மாபெரும் ஏரி உண்டானது. அதன் அடியில் படிந்த களிமண் தரைதான் இன்றைய 'பள்ளத்தாக்கு'. தரை எவ்வளவு சமம் என்றால், ஆறு சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஓடியும் ஒரு சாண்கூடக் கீழே இறங்குவதில்லை.

வசந்தம் வந்ததும் தெற்கே பனி முதலில் உருகும். அந்தத் தண்ணீர் வடக்கே போனால், அங்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். போக வழியில்லாத வெள்ளம் சமதரையில் பக்கவாட்டில் பரவும். 1997 ஏப்ரலில் இந்த ஆற்றங்கரையிலுள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் அப்படித்தான் மூழ்கியது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஏரியின் தரையில், சில நாட்களுக்கு மறுபடியும் தண்ணீர் நின்றது.