புலியா, கடுவாவா?

திருவனந்தபுரம், சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் நெல்லைக்காரர் ஒருவர், ஞாயிறன்று மனைவி, ஐந்து வயது மகள், கட்டுச்சோறு சகிதம் மிருகக்காட்சி சாலைக்கு வந்தார். 1859-ல் திறக்கப்பட்ட இச்சாலை நேப்பியர் மியூசியத்தை ஒட்டியே உள்ளது. திங்கட்கிழமை விடுமுறை.

“அதோ புலி, பாரும்மா” என்றார் தந்தை.

“புலி இல்லப்பா, கடுவா!” என்றாள் மகள்.

மலையாளத்தில் ‘புலி’ என்றால் சிறுத்தை; வரிப்புலிக்குக் ‘கடுவா’ என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் படித்ததைத்தான் சொன்னாள். ஆயினும் தந்தையின் முகம் வாடிற்று.

தாய் கேட்டாள்: “ஊர்ல ஆச்சிகிட்ட என்னன்னு சொல்லுவ?”

குழந்தை சற்று யோசித்தது. “ஆச்சிக்குக் கடுவா தெரியாதுல்லா? புலின்னுதான் சொல்லுவேன்.”

தந்தை மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். நீர்யானையைப் பார்க்கக் கிளம்பினர்.