லீவு லெட்டரில் என்ன எழுதுவது?

‘மனைவிக்கு கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை. ஒரு நாள் லீவு வேண்டும்.’

இப்படி எழுதிக் கொடுத்ததும், புதுச்சேரியில் எங்க ஆபீஸ் சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னப்பா, ‘சொந்த வேலை’ன்னு போட்டா போதாதா?”

போதாது சார்!

என் அத்தை அப்படித்தான் மறைத்தார். மாதவிலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து ரத்தம் பட்டிருக்கிறது. ‘ஆம்பளைங்க இருக்கிற வீடாச்சே’ என்று எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. கோரிமேடு ஜிப்மருக்குக் கூட்டிப் போனபோது நோய் முற்றியிருந்தது. அத்தை இப்போது இல்லை.

இத்தனைக்கும் இது ரொம்ப நிதானமாக வருகிற நோய். காரணம், ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். இதைக் கண்டு சொன்ன ஜெர்மன் டாக்டர் ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தாம்பத்ய உறவில் பரவுவது. நம்ம உடம்பில் இருந்தாலும் நமக்கே தெரியாது. உடனே வீட்டில் சந்தேகத்தைக் கிளப்பாதீர்கள்! சர்வ சகஜமான வைரஸ். பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினால்தான் வம்பு. அப்போதும் புற்றாக மாற சாதாரணமாக 15, 20 வருஷம் பிடிக்கும்.

அவ்வளவு அவகாசம் இருந்தும், 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 80 ஆயிரம் பெண்கள் இதற்குப் பலி என்கிறது உலகக் கணக்கு.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையான கிராமத்துப் பெண்கள் 31 ஆயிரம் பேருக்கு மேல் நர்சுகளே பரிசோதித்தார்கள். எதை வைத்து? நீர்த்த அசெட்டிக் அமிலம். நம்ம சமையலறை வினிகர் ஜாதிதான்! தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கோளாறான இடம் வெளுத்துக் காட்டிக் கொடுத்துவிடும். புற்றாகும் முன்பே சிகிச்சை. பரிசோதனை நடந்த ஊர்களில் சாவு 35 சதவீதம் குறைவு என்று 2007-ல் வெளியானது.

இப்போது வைரஸையே கண்டுபிடிக்கிற டெஸ்ட்டும் வந்தாச்சு. 30 வயது தாண்டிய மனைவி, அக்கா, அண்ணி எல்லோருக்கும் சொல்லுங்கள். பெண் குழந்தை இருந்தால் 9-லிருந்து 14 வயதுக்குள் தடுப்பூசி. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தமோ, உறவுக்குப் பின் ரத்தமோ பட்டால், ‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டவே வேண்டாம்.

சூப்பிரண்டு கையெழுத்துப் போட்டார். நான் திரும்பியதும், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“ஏம்ப்பா... எங்க வீட்டம்மாவுக்கு 48. இப்போ எடுக்கலாமா?”

“தாராளமா சார். லீவு லெட்டரில் மட்டும் காரணத்தை மறைக்காதீங்க!”