கொடுமுடி கோகிலம்

கொங்கு நாட்டில் காவிரிக் கரையில் அமைந்த திருத்தலம் கொடுமுடி. தேவார ஆசிரியர் மூவராலும் பாடப்பெற்ற இவ்வூர், இக்காலத்தில் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தது. சமயத்தால் வாய்த்த பழம்புகழோடு, இசையால் வாய்த்த புகழொன்றும் இவ்வூருக்கு உண்டு. அதனைத் தேடித் தந்தவர், ‘கொடுமுடி கோகிலம்’ என்று மக்களால் போற்றப்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் ஆவார். நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அவர் எய்திய உயர்வு, குடிப்பிறப்பாலோ செல்வத்தாலோ வந்ததன்று. இனிய குரலும் கலங்காத உறுதியுமே அவருடைய கைம்முதல்.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளுள் முன்னது ஊரையும், பின்னது அன்னை பாலாம்பாளையும் குறிப்பன. தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால், மக்களைக் காக்கும் சுமை முழுவதும் அவ்வன்னையின் தலைமேல் விழுந்தது. வீட்டில் வறுமை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் புகைவண்டியிற் பாடி, பயணிகள் இரங்கி அளித்த காசுகளைக் கொண்டு குடும்பத்திற்கு உதவினார் என்பர். அக்குரலின் அருமையை உணர்ந்த அன்பர் சிலர், வேலு நாயர் என்பார் நடத்திய நாடகக் குழுவில் அவரைச் சேர்ப்பித்தனர். நல்லதங்காள் கதையில் பசியால் வாடும் ஆண் குழந்தையாக அவர் அங்கே நடித்தார். பசியை நடித்துக் காட்ட அவருக்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அதனை அவர் முன்னரே அறிந்திருந்தார்.

அக்காலத்து நாடக மேடையைப் பற்றி மாணவர்கள் சிறிது அறிதல் நலம். சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் இயற்றிய நாடகங்கள் இரவில் தொடங்கி விடியும்வரை நடைபெற்றன. அவற்றுள் உரையாடலினும் பாட்டே மிகுதி. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் தரைமேல் அமர்ந்திருக்கும் உழவருக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும். ஆகவே, நடிகர்க்கு உயர்ந்த சுருதியும், நீண்ட மூச்சும், பிழையற்ற உச்சரிப்பும் இன்றியமையாதனவாயின. சுந்தராம்பாளிடம் இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தன. பிற்காலத்தில் அவர் பாட்டில் லகர, ளகர, ழகரங்கள் தத்தம் இடத்தில் தெளிவாக நின்றமைக்கு அம்மேடைப் பயிற்சியே காரணம்.

1926ஆம் ஆண்டில் இலங்கை சென்றிருந்தபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கிட்டப்பாவும் இளமையிலேயே பெரும் பாடகராக விளங்கியவர். ‘வள்ளி திருமணம்’ முதலிய நாடகங்களில் இருவர் குரலும் ஒன்றையொன்று வெல்ல முயல்வனபோல் எழ, அவையோர் உறக்கம் மறந்து கேட்டனர். மேடையில் இணைந்த இருவரும் வாழ்க்கையிலும் இணைந்தனர். ஆயினும், அவ்வின்பம் நெடிது நிற்கவில்லை. பிணக்கும் பிரிவும் இடையே புகுந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளின் வயது இருபத்தைந்து.

அன்றுமுதல் அவர் வெண்ணிற ஆடையே அணிந்தார். ஆடவர் எவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். காதலனும் காதலியுமின்றிக் கதையே இல்லை என்றிருந்த நாடகத் துறையில், இவ்வுறுதி ஒரு நடிகையின் வாழ்வையே முடித்துவிடக் கூடியது. உறுதியைக் காத்தால் கலை போகும். கலையைக் காத்தால் உறுதி போகும். இரண்டையும் காக்க வழியுண்டோ?

உண்டு என்று அவர் தம் செயலாற் காட்டினார். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அந்நாளில் அது கேட்டோர் வியக்கும் தொகையாகும். பெண்ணொருத்தி ஆண் வேடம் பூணுவதா எனச் சிலர் நகைத்தனர். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1940ஆம் ஆண்டில் மணிமேகலையாகத் தோன்றினார். பசித்த குழந்தையாக மேடையேறியவர், அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி போக்கும் துறவியாக நின்றது எண்ணி மகிழத் தக்கது.

அவர் புகழ் முழுமையுற்றது ‘ஔவையார்’ படத்தில். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் அதனை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டது. மணவாழ்வை விரும்பாத ஔவை, விநாயகரை வேண்டி முதுமை பெற்றார் என்பது கதை. இளமையைத் துறந்து தமிழுக்கு உழைத்த அம்மூதாட்டியின் வேடம், இளமையிலேயே வெண்ணிற ஆடை பூண்டவருக்கு இயல்பாகப் பொருந்தியது. ‘பூம்புகார்’ (1964) படத்தில் கவுந்தியடிகளாகவும், ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் மீண்டும் ஔவையாராகவும், ‘காரைக்கால் அம்மையார்’ (1973) படத்தில் முதிர்ந்த அம்மையாராகவும் நடித்தார். அவர் நடித்த படங்கள் சிலவே. ஆனால், ஔவை என்றவுடன் அவர் முகமே பலர் நெஞ்சில் எழும் நிலை உண்டாயிற்று.

கலையை அவர் தம் வாழ்வுக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தியடிகளையும் கதரையும் பற்றிய அவர் பாடல்கள் இசைத்தட்டுகள் வழியே ஊர்தோறும் ஒலித்தன. காங்கிரசு மேடைகளில் அவர் பாடத் தொடங்கினால் கூட்டம் கலையாது நிற்கும். 1951ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். புகைவண்டியிற் பாடிய சிறுமிக்கு மேலவையில் இருக்கை கிடைத்தது. ‘துணைவன்’ படப் பாடலுக்காக, 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றார். அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார். 1970ஆம் ஆண்டில் ‘பத்மஸ்ரீ’ விருது அவரை வந்தடைந்தது. 1980ஆம் ஆண்டில் அவர் இயற்கை எய்தினார்.

துன்பம் நேர்ந்தவிடத்துத் தொழிலைக் கைவிடுவார் உளர். தொழிலின் பொருட்டுக் கொள்கையைக் கைவிடுவாரும் உளர். சுந்தராம்பாள் இவ்விருவகையிலும் சேராதவர். தாம் வகுத்துக்கொண்ட எல்லைக்குள்ளேயே நின்று, அவ்வெல்லைக்குள் பிறர் காணாத பரப்பைக் கண்டார். வழி அடைபட்டதென்று மனம் சோரும் வேளையில், இக்கொடுமுடி அம்மையாரின் வாழ்வை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.