காயலுக்குக் கதவு போடும் நாள்

2024 செப்டம்பர் 28. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் பந்தயத்தின் இறுதிப் போட்டி. காரிச்சால் சுண்டன் என்ற பாம்புப் படகு 4 நிமிடம் 29.785 விநாடியில் எல்லைக்கோட்டைத் தொட்டது. பக்கத்திலேயே வந்த வீயபுரம் சுண்டனுக்கு 29.790. ஒரு விநாடியை இருநூறாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் வித்தியாசம். எங்கோ ஓரத்தில் ஒரு மோட்டார் படகு விசையைக் கூட்டித் திரும்பியிருந்தால், அது கிளப்பிய அலையே கோப்பையை இடம் மாற்றியிருக்கும்.

கோப்பை போனால் போகட்டும், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். போட்டி நாளில் காயலுக்குத் தடை போடுவதன் முதல் காரணம் உயிர். ஆனால் அந்தத் தடை யாரைக் காக்கிறது, யாரை முடக்குகிறது, மீறினால் என்ன ஆகும், தவறாகப் போடப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பது கரையில் கைதட்டுபவர்களுக்கும் தெரிவதில்லை, படகோட்டிகளில் பலருக்கும் தெரிவதில்லை.

1952 டிசம்பர் 27 அன்று ஜவாஹர்லால் நேரு ஆலப்புழைக்குப் படகில் வந்தபோது அவருக்காக வள்ளங்கள் பந்தயம் விட்டன. வென்ற நடுபாகம் சுண்டனில் அவர் உற்சாகத்தில் ஏறிக்கொண்டார். டெல்லி போனதும் வெள்ளியில் ஒரு வள்ளம் செய்து அனுப்பினார். அதுதான் இன்றைய கோப்பை. அன்றைய காயலில் பெரும்பாலும் துடுப்பும் கழியும்தான். இன்றோ ஹவுஸ்போட், ஷிகாரா, வேகப் படகு, அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு, மீன்பிடி வள்ளம் எல்லாம் ஒரே தண்ணீரில். தடை இல்லாமல் இன்று இப்போட்டியை நடத்தவே முடியாது.

காரணம் சுண்டன் வள்ளத்தின் உடலமைப்பிலேயே இருக்கிறது. நூறடிக்கு மேல் நீளம், அகலமோ மிகக் குறைவு. நூறு பேர் ஏறி உட்கார்ந்ததும் விளிம்பு தண்ணீரை ஒட்டி இறங்கிவிடும். மோட்டார் படகின் அலை ஒன்று உள்ளே புகுந்தால் இறைத்து ஊற்ற நேரமிருக்காது. அலையின் உயரம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். கருங்கல் கட்டிய கரையில் மோதி அந்த அலை திரும்பியும் வரும். படகு கடந்துபோன பிறகும் நீர் அடங்க நேரமெடுக்கும் என்பதால்தான், போட்டி தொடங்குவதற்கு வெகு முன்பே பாதையைக் காலி செய்யச் சொல்கிறார்கள். இன்னொன்று, படகுக்கு பிரேக் கிடையாது. முழு விசையில் வரும் சுண்டனைச் சட்டென நிறுத்தவோ ஒடிக்கவோ அமரத்தில் நிற்பவர்களால் முடியாது. ஹவுஸ்போட்டின் கதை வேறு. அதன் உயர்ந்த கூரையில் காற்று மோதினால் அது நினைத்த பக்கம் திரும்பாது.

பந்தயமே இல்லாமலும் இந்த நீண்ட படகுகள் கவிழ்வதுண்டு. 2022 செப்டம்பர் 10 அன்று ஆரன்முளைக்குப் புறப்படவிருந்த சென்னித்தலை பள்ளியோடம் என்ற படகு அச்சன்கோவில் ஆற்றில் கவிழ்ந்து மூவர் இறந்தனர். 2023 ஜூலையில் சம்பக்குளம் மூலம் வள்ளம்களியின்போது பெண்கள் துழாவிய படகு கவிழ்ந்தது. மீட்புப் படகுகள் பக்கத்திலேயே இருந்தன, எல்லோரும் பிழைத்தார்கள். போட்டிப் பாதையைக் காலியாக வைப்பதன் பாதிப் பயன் அதுதான். மீட்புப் படகு நேராகப் பாய்ந்துபோக இடம் வேண்டும்.

பார்வையாளர் படகுகளில் உள்ள ஆபத்தை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்னிகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தனர், தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்தது என்றே பிழைத்தவர்கள் பலரும் சொன்னார்கள். விலங்குக்குப் பதிலாக இரண்டு சுண்டன்கள் முட்டி மோதி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்தளத்தில் நிற்கும் அத்தனை பேரும் செல்பேசியோடு ஒரே கைப்பிடிக்குத்தான் ஓடுவார்கள். நங்கூரமிட்ட படகுகளில் ஆள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும், போட்டி முடியும்வரை அவற்றை நகர விடாமல் வைப்பதும் கெடுபிடி அல்ல.

மீறினால் சட்டம் என்ன சொல்கிறது? அதிகாரியின் முறையான உத்தரவை மீறுவது பாரதிய நியாய சன்ஹிதா 223ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறலால் உயிருக்கு ஆபத்து நேருமானால் ஓராண்டு, 5,000 ரூபாய். ஆபத்தான முறையில் படகு ஓட்டினால் 282ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கூலிக்கு அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் 284ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ஒரு நாள் ஹவுஸ்போட் வாடகையோடு ஒப்பிட்டால் இந்த அபராதங்கள் தூசு. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பதும் படகைப் பறிமுதல் செய்வதும்தான் உண்மையில் பயமுறுத்துகின்றன.

எனவே அந்த அதிகாரத்துக்கும் கடிவாளம் வேண்டும். ஆலப்புழை நகராட்சியில் நேரு டிராஃபி வார்டு என்றே ஒரு வார்டு இருக்கிறது. தண்ணீர் சூழ்ந்த பகுதி. பாலம் வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் கோரிக்கையாக இருந்தது. கோப்பையின் பெயரைத் தாங்கிய மக்களுக்கே கோப்பை நாளில் வாசல் அடைபடுகிறது. குட்டநாட்டில் படகுதான் பேருந்து, படகுதான் ஆம்புலன்ஸ் என்று வாழும் வீடுகள் இன்னும் நிறைய. பிரசவ வலி எடுத்தவளிடம் இறுதிப் போட்டி முடியட்டும் என்று சொல்ல முடியுமா?

நகரத்தில் மாரத்தான் ஓட்டத்துக்குச் சாலையை அடைத்தால் அடுத்த தெரு இருக்கும். காயலுக்கு அடுத்த தெரு இல்லை. ஆகவே தடை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, மாற்று வழி எது, அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது என்பதெல்லாம் உத்தரவிலேயே இருக்க வேண்டும். கேட்பது சலுகை அல்ல. நடமாடவும் தொழில் செய்யவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமையில் நியாயமான கட்டுப்பாட்டைத்தான் அரசு விதிக்கலாம்.

இத்தகைய தடைக்கு ஆட்சியர் கையிலுள்ள வலுவான கருவி, எல்லோரும் ‘144’ என்று அறிந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. ஆட்சியர் பிறப்பிக்கும் அந்த உத்தரவு இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது. மாநில அரசு மட்டுமே நீட்டிக்கலாம். அதைவிட முக்கியமானது வேறு. உத்தரவால் பாதிக்கப்பட்டவர் அதை நீக்கவோ மாற்றவோ கோரி மனு செய்யலாம். அவரை விரைவில் நேரில் கேட்க வேண்டும். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அது போதாவிட்டால் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம். உத்தரவின் நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 30 நாளுக்குள் பெறலாம், உயிர் சார்ந்த விஷயமென்றால் 48 மணி நேரத்தில். படகைப் பறித்தால் அதற்கான பதிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கு முடியும்வரை படகு துருப்பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் மனு செய்து இடைக்காலமாக மீட்கலாம்.

அமெரிக்காவில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். ஆபத்துள்ள நீர்விளையாட்டுப் போட்டியை நடத்துபவர் பொதுவாக 135 நாள் முன்னதாகவே கடலோரக் காவல்படையிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுதோறும் மாற்றமின்றி நடக்கும் போட்டிகளுக்கு மட்டும் 60 நாள். தடை செய்யப்படும் பகுதியின் எல்லைகளும் நேரமும் அரசிதழில் முன்கூட்டி வரும். நம் ஊர்களில் செய்தித்தாளில் ஒரு பத்திச் செய்தியும் ஒலிபெருக்கியும்தான் பல இடங்களில் அறிவிப்பு. காயலோரக் கடைக்காரருக்கு அது எட்டுவதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

போட்டியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தயத்தில் இருப்பதாலேயே தண்ணீர் முழுவதும் சொந்தமாகிவிடாது. இங்கிலாந்தின் கௌஸ் வாரப் பாய்மரப் போட்டியில், 2011 ஆகஸ்ட் 6 அன்று ‘அட்டலான்டா ஆஃப் செஸ்டர்’ என்ற சிறு பாய்மரப் படகு, ‘ஹான்னே நட்சன்’ என்ற மாபெரும் எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போய் மோதியது. படகிலிருந்த ஒருவர் உயிர் பிழைக்கத் தண்ணீரில் குதித்தார். அந்தக் கடல் பகுதியில் 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இருபுறமும் 100 மீட்டரும் யாரும் நுழையக் கூடாத வளையம் உண்டு. கப்பல் நகர நகர வளையமும் நகரும். தண்டிக்கப்பட்டவர் படகின் தலைவர்தான், கப்பல் மாலுமி அல்ல. அபராதத்தைப் போலப் பல மடங்கு வழக்குச் செலவையும் அவரே சுமக்க நேர்ந்தது.

விதி மட்டும் இருந்து பயனில்லை என்பதற்கு மெக்சிகோவின் கொசுமெல் சாட்சி. 2000 டிசம்பரில் ஆங்கிலப் பாடகி கிர்ஸ்டி மெக்கால் பிள்ளைகளோடு முக்குளித்து மேலே வந்த இடம், மோட்டார் படகுகள் நுழையக் கூடாத பகுதி. வேகப் படகு ஒன்று நுழைந்தது, அவர் இறந்தார். தான்தான் ஓட்டியதாகச் சொன்ன படகு ஊழியர் சிறைக்குப் பதிலாகச் சொற்பத் தொகை கட்டி வெளியே வந்தார். பாடகியின் தாய் நீதி கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

விபத்து நடந்துவிட்டால் நம்மவர்கள் முதலில் தேடுவது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். அது சாலை வாகனங்களுக்கானது, படகு அதில் வராது. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றையும் கட்டாயமாக்கியிருக்கிறது. இழப்பீட்டுக்கு முதல் பிடி அந்தக் காப்பீடு. காசு கொடுத்துப் பயணம் செய்தவர் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரைப் பலிகொண்ட படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது. அனுமதித்ததைவிட அதிக ஆட்களை ஏற்றியிருந்தது. அந்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் தானாகவே கையிலெடுத்தது. ஒவ்வொரு விபத்துக்கும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்த போட்டிக்கு ஆலப்புழை போகிறவர்கள் அறை எத்தனை, மீன் வறுவல் உண்டா என்று கேட்கும்போதே தகுதிச் சான்றையும் காப்பீட்டையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் ஏறலாம், மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம், ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். “பந்தயப் பாதைக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டுகிறேன்” என்று ஆசை காட்டுபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்து ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தண்ணீரில் ஆபத்தைக் கண்டால் 112ஐ அழைத்து, படகின் பதிவு எண்ணையும் அருகிலுள்ள படகுத்துறையின் பெயரையும் முதலில் சொல்லுங்கள்.