பசி தீர்த்த மண்ணில் சர்க்கரை நோய்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் திட்டத்தை முதல்வர் காமராசர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கம் போகும் வழியில் இருக்கும் ஊர் அது. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லாத மானாவாரிக் கரிசலில் அன்றைய பெருங்கவலை பசி. பின்னர் 1982-ல் சத்துணவும் 2022-ல் காலை உணவும் வந்தன.

இப்போது பசியோடு வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது: சர்க்கரை நோயும் அதற்கு வழிவகுக்கும் கூடுதல் உடல் எடையும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதத்தினருக்கு உடல் எடை அளவுக்கு மேல் இருக்கிறது. ஆண்களில் அது 37 சதவீதம்.

கரிசல் வீடுகளில் ஒரு காலத்தில் சோளமும் கம்பும் குதிரைவாலியுமே சோறு. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்து, உமியைப் புடைத்து நீக்கி, மறுபடி இடித்துக் காய்ச்ச வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாகக் கூழ் தயார். இத்தனை பாடும் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ரேஷன் அரிசி வந்ததும் உரல் ஓய்ந்ததில் வியப்பில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமும் இல்லை.

வேலையும் மாறியது. பருத்திக்காட்டில் களை எடுப்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி தேவைப்படாது. தீப்பெட்டி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது கட்டாயம் தேவை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம், ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நகரத்தாருக்கு அது நல்ல ஏற்பாடு. மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொள்ளும் கரிசல் மண்ணில், கிராமத்தார் நடக்க ஊருக்குள்ளேயே நல்ல பாதையும் தெருவிளக்கும் வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வழியாக எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு போதும்.

கம்பு, குதிரைவாலி போன்ற சிறுதானியம் நல்ல உணவு, ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து அல்ல. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி, முழுத் தானியச் சோற்றைவிட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். அளவு பார்த்து, காய்கறி, பயறு வகைகளோடு சாப்பிட வேண்டும்.

1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கு ஏற்ற சோள ரகங்களைத் தந்திருக்கிறது. விதைக்கு வழி இருக்கிறது. உமி நீக்குவதில்தான் சிக்கல். பக்கத்தில் அதற்கான மில் இல்லாத ஊரில், விளைந்த குதிரைவாலி உமியோடு வியாபாரிக்குப் போகிறது, விளைவித்த வீட்டில் அரிசி வேகிறது. ஊருக்கு ஊர் உமி நீக்கும் இயந்திரம் வந்தால், குதிரைவாலிச் சோறு அந்த வீட்டுக்கும் பள்ளிக் காலை உணவுக்கும் எளிதாகத் திரும்பும்.